உள்ளே கிடக்கிற றோல் காத்திருக்காது

"அந்தக் கமராவுக்குள்ள இன்னும் ஒரு றோல் கிடக்கு. கழுவேல்ல. ஒரு நாளைக்குக் குடுத்துக் கழுவவேணும்."

எங்கட வீடுகளில இப்படி ஒரு கதை அடிக்கடி கேட்கக் கிடைக்கும். அலுமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் ரின்னுக்குள், காணி உறுதியும் காலாவதியான கடவுச்சீட்டுகளும் இருக்கிற அதே பைக்குள், ஒரு யாஷிகாவோ கொனிக்காவோ இருக்கும். பின்மூடியைத் திறக்க ஆரையும் விடமாட்டார்கள். "வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்" எண்டு சின்னப் பிள்ளைகளைப் பேசுவார்கள். அவ்வளவு கவனம். ஆனால் அந்த "ஒரு நாள்" மட்டும் பத்து வருசமாக, இருபது வருசமாக, சில வீடுகளில் முப்பது வருசத்துக்கு மேலாக வரவே இல்லை.

இந்தக் கவனத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. திறக்காமல் விட்டால் படம் அப்படியே இருக்கும், எப்போது கழுவினாலும் வரும் என்ற நம்பிக்கை. அது பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். எடுத்துவிட்டுக் கழுவாமல் விட்ட றோல் வங்கியில் வைத்த நகை மாதிரி இல்லை, காய்ச்சாமல் வைத்த பால் மாதிரி. மூடி வைத்தாலும் அது தன்பாட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றும் செய்யாமல் விடுவதும் அந்தப் படங்களைப் பற்றி நாங்கள் எடுக்கிற ஒரு முடிவுதான்.

முதலில், ஏன் இத்தனை றோல் கழுவாமல் கிடக்கின்றன? சோம்பல் எண்டு சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை. ஒரு றோலில் 36 படம். பிலிமும் காசு, கழுவுறதும் காசு, பிரிண்ட் போடுறதும் காசு. சாமத்தியவீட்டில் இருபது படம் எடுத்தால் மிச்சம் பதினாறை அடுத்த நல்ல காரியத்துக்கு வைப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு ஐந்து, பிறந்தநாளுக்கு நாலு. றோல் முடிந்த பிறகுதான் ஸ்டூடியோவுக்குப் போகும். கைபேசியில் ஒரு நாளில் நூறு படம் எடுக்கிற எங்களுக்கு அந்தச் சிக்கனம் விளங்குவது கஷ்டம். ஆனால் அந்தச் சிக்கனத்தால்தான் பாதி முடிந்த றோல்கள் கமராவுக்குள்ளேயே வருசக்கணக்காக இருந்தன.

அந்த இடைவெளிக்குள் இந்த நாட்டில் என்னென்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனம் நடந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தது. வடக்குக்குப் பற்றறி கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில், பற்றறியில் ஓடுகிற கமரா பாதி றோலோடு அப்படியே நின்றிருக்கும். ஓடும்போது கையில் எடுத்த பைக்குள் கமரா இருந்திருந்தால், அடுத்த காரியம் அதைக் கழுவக் குடுக்கிறதாக இருந்திருக்காது. இதெல்லாம் ஓய்ந்த நேரத்தில் டிஜிற்றல் வந்துவிட்டது, பிலிம் கழுவுகிற கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆக அந்த றோல்கள் அலட்சியத்தால் கிடக்கவில்லை. அவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதனால்தான் அவை அழிவதைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கிறது.

அழிவது எப்படி? நாங்கள் கலைப்பீடக்காரர்கள் என்றாலும் இந்த விஞ்ஞானம் விளங்காத அளவுக்குக் கடினமானது இல்லை. பிலிமின் மேலே ஜெலற்றின் பூச்சு இருக்கிறது. அதற்குள் வெள்ளிப் புரோமைட்டு போன்ற வெள்ளிச் சேர்வைகளின் மிகச் சிறிய பளிங்குகள் பரவியிருக்கின்றன. கமராவின் மூடி ஒரு கணம் திறக்கும்போது ஒளி பட்ட பளிங்குக்குள் இலத்திரன்கள் விடுபடுகின்றன. அவை அங்கிருக்கிற வெள்ளி அயன்களைப் பிடித்து வெள்ளி அணுக்களாக்குகின்றன. ஒரு பளிங்குக்குள் மூன்று, நான்கு வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்தாலே போதும், "இந்தப் பளிங்கில் ஒளி பட்டது" என்ற பதிவு உண்டாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பதிவைத்தான் மறைவிம்பம் என்கிறார்கள். டெவலப்பர் மருந்து என்ன செய்கிறது என்றால், அந்த மூன்று நான்கு அணுவை அடையாளமாகப் பிடித்து அந்தப் பளிங்கு முழுவதையும் கறுத்த வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி செய்த வேலையை அது கோடி மடங்குக்கு மேல் பெருப்பிக்கிறது. படம் அப்போதுதான் படமாகிறது.

அதுவரைக்கும் அம்மம்மாவின் முகம் என்பது ஒவ்வொரு பளிங்கிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய வெள்ளி அணுக்கள் மட்டும்தான். அந்த அணுக்கள் நிலையாக இருக்கிற சாமான்கள் இல்லை. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஈரமும் சேர்ந்து அவற்றைத் திரும்ப அயனாக்கிவிடும். நான்கு மூன்றாகி, மூன்று இரண்டானால், டெவலப்பருக்கு அந்தப் பளிங்கு ஒளி படாத பளிங்குதான். பதிவு அழிந்துவிட்டது. இதே நேரத்தில் மறுபக்கமாக இன்னொன்றும் நடக்கிறது. ஒளியே படாத பளிங்குகளிலும் வெப்பத்தாலும், சூழலில் எப்போதும் இருக்கிற கதிர்வீச்சாலும், மெல்ல மெல்ல வெள்ளி அணுக்கள் சேருகின்றன. கழுவும்போது அவையும் கறுக்கும். அதுதான் மூட்டம். படம் கீழே இறங்குகிறது, மூட்டம் மேலே ஏறுகிறது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்த நாளில் அந்த றோலில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

இதில் எது முதலில் போகும் என்பது முக்கியம். குறைவாக ஒளி பட்ட இடங்கள்தான் முதலில் போகும். வாசலில் வெயிலில் நிண்டவர் மிஞ்சுவார். விறாந்தை நிழலில் கதிரையில் இருந்தவர் போய்விடுவார். வெள்ளைச் சட்டை தெரியும், அதற்கு மேலே இருந்த முகம் தெரியாது. கலர் பிலிம் என்றால் இன்னும் சிக்கல். அதில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிக்குத் தனித்தனியாக மூன்று அடுக்கு இருக்கின்றன, அவை மூன்றும் ஒரே வேகத்தில் பழுதாவதில்லை. அதனால்தான் பழைய றோலில் வருகிற படங்கள் ஊதாவாகவோ மண்ணிறமாகவோ சாய்ந்திருக்கும். கணினியில் எவ்வளவு திருத்தினாலும், பதிவாகியே இல்லாத நிறத்தை அது கொண்டுவராது.

கமராவுக்குள்ளேயே விட்டால் இன்னும் பிரச்சினை. பின்மூடியின் ஓரத்தில் ஒளி புகாமல் இருக்க ஒட்டியிருக்கும் கறுத்த ஸ்பொஞ்ச் காலப்போக்கில் தார் மாதிரி உருகி உதிரும், அந்த வழியால் வெளிச்சம் கசியும். பற்றறி கசிந்து உள்ளே உப்புப் பூக்கும். சுருண்ட வாக்கிலேயே கிடந்த பிலிம் முறுகிப் போய், திருப்பிச் சுற்றும்போது ஓட்டைகளில் கிழியும். ஜெலற்றின் என்பது மிருக எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கிற சாமான், பூஞ்சணத்துக்கு அது நல்ல சாப்பாடு. மாரிகாலத்தில் செருப்பிலேயே பூஞ்சணம் பிடிக்கிற எங்கட ஊர்களில் பிலிமை மட்டும் அது விட்டுவைக்கும் என்று நினைப்பது எப்படி?

இந்த இடத்தில் ஆராவது ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். நூறு வருசப் பழைய பிலிமைக் கண்டெடுத்துக் கழுவிப் படம் எடுத்திருக்கிறார்களே, அப்போ இதெல்லாம் மிகைப்படுத்தல் இல்லையா?

உண்மை, எடுத்திருக்கிறார்கள். மிகப் பிரபலமான சம்பவம் சுவீடன் நாட்டு அந்த்ரேயின் பயணம். 1897 ஜூலையில் மூன்று பேர் பலூனில் ஏறி வடதுருவத்துக்குப் புறப்பட்டார்கள். மூன்றே நாளில் பலூன் பனிக்கட்டியில் இறங்கிவிட்டது. மாதக்கணக்காக நடந்து குவித்தேயா என்ற தீவை அடைந்து அங்கே மூவரும் இறந்தார்கள். அவர்களின் முகாமையும் உடல்களையும் 1930 இல்தான் கண்டெடுத்தார்கள். கூடவே, அவர்களில் ஒருவரான நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க் எடுத்துக் கழுவப்படாமல் கிடந்த பிலிமும் கிடைத்தது. ஸ்டொக்ஹோமில் ஜோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அதைக் கழுவினார். ஏறத்தாழ 240 படங்களில் 93 மீண்டன. 33 வருசத்துக்குப் பிறகு, விழுந்து கிடக்கிற பலூனையும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரையும் உலகம் பார்த்தது.

எவரெஸ்டிலும் இதே நம்பிக்கை இருக்கிறது. 1924 ஜூன் 8 ஆம் திகதி உச்சியை நோக்கிப் போகும்போது கடைசியாகக் காணப்பட்ட மலோரியும் ஏர்வினும் ஒரு சின்னக் கொடாக் கமராவைக் கொண்டுபோனார்கள் என்று நம்பப்படுகிறது. மலோரியின் உடல் 1999 இல் கிடைத்தது, கமரா இல்லை. அந்தக் கமரா கிடைத்தால், அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்பது தெரியவரலாம் என்று இன்றும் ஆட்கள் எதிர்பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த இரண்டு கதையிலும் இருக்கிற பொதுவான சாமானைப் பாருங்கோ. குளிர். துருவத்துப் பனியும் இமயத்துப் பனியும் இயற்கையாகவே அமைந்த ஆழ்குளிர்பெட்டிகள். இரசாயன மாற்றங்கள் பத்துப் பாகை ஏறினால் ஏறத்தாழ இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்பது உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்கள் சொல்லுகிற பொதுக் கணக்கு. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 27 பாகை செல்சியஸை ஒட்டியது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற அலுமாரியின் மேல்தட்டு எவ்வளவு கொதிக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. பனியில் 33 வருசம் கிடந்த பிலிமிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதைக் காட்டி எங்கட வெயிலில் கிடக்கிற றோலுக்கு ஆறுதல் சொல்ல ஏலாது.

எல்லாப் பிலிமும் ஒரே மாதிரியும் இல்லை. வேகம் கூடிய 400 பிலிமை விட 100 பிலிம் பொதுவாக மூட்டத்தைக் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். கறுப்பு வெள்ளை பொதுவாகக் கலரை விடத் தாங்கும். அதிலும் விதிவிலக்கு உண்டு. இல்ஃபோர்ட் கொம்பனியின் பான் எஃப் பிளஸ் வேகம் குறைந்த கறுப்பு வெள்ளைப் பிலிம்தான், ஆனால் எடுத்த பிறகு மூன்று மாதத்துக்குள் கழுவிவிடச் சொல்லி அந்தக் கொம்பனியே பரிந்துரைக்கிறது. மூன்று மாதம்! நாங்கள் முப்பது வருசத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கம், எங்கட வயசுக்காரரிடையே பிலிம் திரும்பவும் பிரபலமாகி வருகிறது. நல்ல விசயம்தான். எங்களுக்கும் விருப்பம்தான். ஆனால் அதோட சேர்ந்து, காலாவதியான பிலிமில், நீண்ட நாள் கழுவாமல் விட்ட றோலில் வருகிற மங்கலையும் நிறச் சாய்வையும் "அந்தக்கால லுக்" எண்டு கொண்டாடுகிற பழக்கமும் வந்திருக்கிறது. அந்தக்காலத்தில் படங்கள் அப்படி இருக்கவில்லை. அப்பாக்களின் அல்பத்தைத் திறந்து பாருங்கோ, உரிய காலத்தில் கழுவி நல்லாப் பிரிண்ட் போட்ட படங்களில் சேலையின் நிறம் சேலையின் நிறமாகவே இருந்தது. மங்கல் என்பது அந்தக் காலத்தின் அழகு இல்லை, அந்தக் காலத்துக்கு நேர்ந்த சேதம். உங்கட சொந்த றோலை வேண்டுமென்றே பழசாக்கி விளையாடுங்கோ, அதில் தப்பே இல்லை. ஒரு குடும்பத்திடம் மிஞ்சியிருக்கிற ஒரே றோலில் அந்த ரசனையைப் போட வேண்டாம் என்பதுதான் எங்கட வேண்டுகோள்.

காத்திருப்பதிலும் ஒரு பயன் இருக்கிறது என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கறி வினோகிராண்ட் அதற்குப் பெயர் போனவர். எடுத்த றோலை உடனே கழுவாமல் ஒரு வருசம், அதற்கும் மேல் விட்டுவைப்பார். எடுக்கும்போது இருந்த மனநிலை மறந்த பிறகுதான் படத்தைப் படமாக மட்டும் பார்த்து நல்லதைத் தெரிய ஏலும் என்பது அவரின் வாதம். கலைஞர் ஒருவரின் ஒழுங்காக இதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் 1984 இல் அவர் இறந்தபோது, கழுவாத றோல் மட்டும் ஏறத்தாழ 2,500 மிஞ்சியிருந்தது. பிறகு அவற்றைக் கழுவினார்கள், அருங்காட்சியகங்களில் காட்சிக்கும் வைத்தார்கள். ஆனால் எந்தப் படத்தை அவர் நல்லது என்று எடுத்திருப்பார், எதை ஒதுக்கியிருப்பார் என்று சொல்ல ஆள் இல்லை. அவரின் காத்திருப்புக்கு அவரே உயிரோடு இருப்பதுதான் அடிப்படையாக இருந்தது. ஆள் போனதும் அந்த வாதமும் போய்விட்டது.

எங்கட வீட்டு றோல்களுக்கும் இதுவே பொருந்தும் என்பதை எங்களோடு படிக்கிற ஒருத்தியின் பெரியம்மா வீட்டு றோலில் கண்டோம். 36 படக் கலர் றோல். எப்போது எடுத்தது என்று அவவுக்கே வடிவாக ஞாபகம் இல்லை. கொழும்பில் இன்னும் பிலிம் கழுவுகிற ஒருவரிடம் விசாரித்தபோது, கலர் மருந்தில் போட்டால் ஒன்றும் வராமல் போகலாம், கறுப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்ப்போம் என்றார். நிறம் கிடைக்காது, ஆனால் மிஞ்சியிருக்கிற வெள்ளி விம்பத்தையாவது பிடிக்கலாம். பதினொரு படத்தில் ஏதோ தெரிந்தது. மிச்சம் வெறும் மூட்டம்.

அந்தப் பதினொன்றையும் ஸ்கான் பண்ணிப் பெரியம்மாவிடம் காட்டினோம். ஒரு படத்தைக் கிணற்றுக்கட்டை வைத்துக் கண்டுபிடித்தா. ஒரு பெண்ணைச் சேலைக் கரையை வைத்துச் சொன்னா. இன்னொன்றில் சைக்கிள் பாரில் ஒரு பொடியன் இருக்கிறான், சிரிக்கிறான், முகம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. அவன் ஆரெண்டு அவவுக்குத் தெரியவில்லை. "அவருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றா. அவர் என்றது பெரியப்பா. படம் எடுத்தது அவர்தான். அவர் இறந்து சில வருசமாகிவிட்டது.

இதுதான் நாங்கள் சொல்ல வருகிற விசயத்தின் மையம். ஒரு றோலில் இரண்டு மங்கல் நடக்கிறது. ஒன்று வெள்ளியின் மங்கல். அது அலுமாரிக்குள் நடக்கிறது. மற்றது, படத்தில் இருக்கிறவர்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்களின் மங்கல். அது எங்கட கண்ணுக்கு முன்னால், முன்விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் நடக்கிறது. முதலாவதை ஓரளவுக்குக் குளிர்பெட்டி தடுக்கும். இரண்டாவதை ஒன்றும் தடுக்காது. அந்தப் பொடியனின் படம் மீண்டது, பெயர் மீளவில்லை. இவ்வளவு பேர் பெயர் இல்லாமல் போன ஒரு நாட்டில், பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்காமல் விடுவது சின்ன விசயம் இல்லை.

தொழில்நுட்பமும் எங்களுக்காகக் காத்திருக்காது. கொடாக்குரோம் என்ற புகழ்பெற்ற கலர் பிலிம் 1935 இல் வந்தது. அதைக் கழுவத் தனி முறையும் தனி மருந்தும் வேணும். 2009 இல் அதன் உற்பத்தியை நிறுத்தினார்கள். உலகத்தில் கடைசியாக அதைக் கழுவிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லாப் 2010 டிசம்பர் 30 உடன் றோல் ஏற்பதை நிறுத்தியது. அதற்குப் பிறகு கழுவாமல் மிஞ்சிய கொடாக்குரோம் றோலைக் கறுப்பு வெள்ளையாக மட்டும்தான் மீட்கலாம். எங்கட ஊர்க் கடைகளில் விற்ற சாதாரணக் கலர் நெகட்டிவுக்கான சி-41 முறை இன்னும் உலகத்தில் இருக்கிறது. ஆனால் எங்கட பட்டினத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பிலிம் கழுவத் தெரிந்த பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு மறுப்பையும் நேர்மையாக எடுக்க வேணும். எல்லா றோலும் கழுவப்பட வேண்டியதா? போர்க்காலத்தில் படங்களை எரித்த வீடுகளும் புதைத்த வீடுகளும் எங்களுக்குத் தெரியும். ஒரு படத்தில் ஆர் ஆரோடு நிண்டார் என்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்த காலம் அது. ஸ்டூடியோக்காரர் பார்ப்பார் என்ற பயத்திலேயே கழுவாமல் விட்ட றோலும் இருக்கலாம். அதனால் "கழுவுங்கள்" என்று நாங்கள் சொல்லும்போது, பேரப்பிள்ளைகள் அலுமாரியிலிருந்து களவாக எடுத்துக்கொண்டு போய்க் கழுவி முகநூலில் போடுவதைச் சொல்லவில்லை. முதலில் கேளுங்கோ. "இதில என்ன இருக்கு எண்டு நினைக்கிறீங்கள்? பார்க்க விருப்பமா?" வேண்டாம் என்றால் அது அவர்களின் முடிவு, அதை மதிக்க வேணும். ஆனால் கேட்டுத்தான் அந்த முடிவு வர வேணும். ஒருவரும் கேட்காமல், ஒருவரும் முடிவெடுக்காமல், வெயிலும் ஈரமும் எல்லாருக்குமாகச் சேர்த்து முடிவெடுக்கிற நிலைமையைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

கேட்டு, ஓம் என்றும் சொல்லிவிட்டால், நாங்கள் விசாரித்து அறிந்த சில விசயங்கள் உதவும்.

கமராவுக்குள் பிலிம் இருக்கிறதா என்று பார்க்கப் பின்மூடியைத் திறக்க வேண்டாம். கையால் சுற்றுகிற கமரா என்றால், மேலே இடப்பக்கம் இருக்கிற திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்பினால் இறுக்கம் தெரியும். இறுக்கம் இருந்தால் பிலிம் இருக்கிறது. பலவந்தமாகச் சுற்ற வேண்டாம், முறுகிய பிலிம் கிழியும். தெரிந்த ஒருவரிடம் கொடுத்து இருட்டறையில் எடுக்கச் சொல்லுங்கோ. ஆராவது எப்போதோ திறந்துவிட்டார்கள் என்பதற்காக றோலை எறியவும் வேண்டாம். இறுக்கமாகச் சுற்றிய பிலிமில் வெளிச்சம் மேல் சுற்றுகளைத்தான் முக்கியமாகக் கெடுக்கும், உள்சுற்றில் படம் மிஞ்சியிருக்கலாம்.

உடனே கழுவ வழி இல்லை என்றால், எடுத்த றோலைக் காற்றுப் புகாத பையில் போட்டுப் பிரிஜ்ஜில் வையுங்கோ. வெளியில் எடுத்ததும் பையைத் திறக்காமல் சில மணித்தியாலம் விடுங்கோ, இல்லாட்டி ஈரம் பிடிக்கும். பையின் மேலே ஆருடைய றோல், எந்தக் கமரா, தெரிந்தால் எந்த வருசம் என்று எழுதி ஒட்டுங்கோ. ஸ்டூடியோவில் கொடுக்கும்போது இது பழைய றோல் என்று முதலே சொல்லி, எப்படிக் கழுவப்போகிறார்கள் என்று கேளுங்கோ. வழமையான மெசினில் போடுவதும் ஆள் நின்று பார்த்துக் கழுவுவதும் ஒன்று இல்லை. கழுவிய பிறகு, படம் வரவில்லை என்று சொன்னாலும் நெகட்டிவைத் திருப்பி வாங்குங்கோ. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விம்பத்தை நல்ல ஸ்கானர் சிலவேளை பிடிக்கும்.

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்து போகிற சொந்தக்காரரிடம் குடுத்து அங்கே கழுவ நினைக்கிறவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டாம். விமானத்தில் ஏற்றுகிற பெட்டிகளைச் சோதிக்கிற எக்ஸ்றே, கழுவாத பிலிமை நாசமாக்கும். கைப்பைச் சோதனைக்கு இப்போது வந்திருக்கிற புதிய சிரி ஸ்கானர்களும் அப்படித்தான். கையில் கொண்டுபோய், கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேணும்.

எல்லாவற்றுக்கும் மேல், கழுவுவதற்கு முன்னமே கதையைக் கேட்டு எழுதுங்கோ. அந்தக் கமரா ஆர் வாங்கினது, கடைசியாக எந்தக் காரியத்துக்கு எடுத்தது, அப்போ வீட்டில ஆர் ஆர் இருந்தது. றோலில் ஒன்றும் வராமல் போனாலும் அந்தக் கதை மிஞ்சும். படம் வந்தால், அந்தக் கதைதான் படத்துக்குப் பெயர் கொடுக்கும். இதற்கு இருட்டறையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு பின்னேரம் போதும்.

எங்கட பல்கலைக்கழகங்களில் வரலாறும் சமூகவியலும் ஊடகமும் படிப்பிக்கிற துறைகள் இருக்கின்றன. வருசா வருசம் ஆய்வுக்குத் தலைப்பு இல்லை என்று நாங்கள் அலைகிறோம். ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் கழுவாத ஒரு றோலைத் தேடி, உரிமையாளரின் சம்மதத்தோடு கழுவி, பெயர்களை எழுதி, பிரதியை அந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தால், அது ஆருக்கும் சுமையில்லாத, பயனுள்ள ஒரு வேலை. ஒரு பழைய இருட்டறையைத் திரும்பத் திறப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. விருப்பம் தேவை.

வருகிற லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் அலுமாரியின் மேல்தட்டை ஒருக்காப் பாருங்கோ. றோல் இருந்தால், அதைப் பற்றிக் கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கோ. "ஒரு நாளைக்கு" என்று சொன்ன அந்த நாளை ஆராவது ஒரு ஆள் நாட்காட்டியில் குறிக்காட்டி, அது வராது.